அக்காவுக்காக நான் எழுதிய மாணவி

1.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருக்காது. இதில் ஒரு பொய் மாணவி வருவாள். அவளை எழுதியது நான். நடித்ததும் நான். எழுதச் சொன்னது என் அக்கா.

அக்கா ஒரு இசைப்பள்ளியில் பாட்டு டீச்சர். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் தொண்டையைத் திறந்துவிடுகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்து, "எனக்கு ஒரு ஸ்டூடன்ட் வேணும்டி" என்றாள்.

"உனக்குத்தான் நாப்பது பேர் இருக்காங்களே."

"இல்லாத ஸ்டூடன்ட் வேணும். நீதானே கதை எழுதறவ? ஒண்ணு எழுதிக் குடு."

பதினேழு வருஷமாகக் கதை எழுதுகிறேன். குடும்பத்தில் ஒருவர் என்னிடம் கதை கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தேன்.

இந்தக் கதைக்கு நான் எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

குரல் என்பது மனிதனுக்கு வாய்த்த முதல் —
(கட்டுரைப் போட்டி வாசனை அடித்தது.)

அன்று மழை பெய்துகொண்டிருந்தது. இசைப்பள்ளியின் மூன்றாம் மாடியில் —
(மழை பெய்யவில்லை. எனக்குத் தொடக்கம் தெரியாதபோதெல்லாம் மழை வந்துவிடுகிறது.)

ஒரு பாட்டு டீச்சர் இருந்தாள். அவளால் பாட —
(இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் அடுத்த பகுதியில்.)

2.

அக்காவின் பிரச்சினை என்ன என்பதைத் திறமையான கதாசிரியர்கள் ஐந்தாம் பக்கம் வரை ஒளித்துவைப்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு மாதம் முன்னால் அவளுக்கு ஜலதோஷம் பிடித்தது. மூன்று வாரம் இருந்துவிட்டுப் போனது. போகும்போது மேல் ஸ்தாயியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நடுக்குரல் அப்படியே இருக்கிறது. அங்கிருந்து மேலே ஏறுகிற இடத்தில் மட்டும் குரல் 'டக்'கென்று உடைகிறது. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, தொண்டை சுத்தமாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றார். அக்காவுக்கு அதுதான் பெரிய அடி. நோய் என்றால் மாத்திரை சாப்பிடலாம். குறையே இல்லாத தொண்டையை என்ன செய்வது?

சளி பிடித்திருந்த நாட்களில் பயந்து பயந்து பாடினாள். சளி போன பிறகும் தொண்டை அந்தப் பயத்தை விடவில்லை. இதை அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். வேறு யாருக்காவது இப்படி வந்திருந்தால் நாலு வகுப்பில் சரிசெய்துவிடுவாளாம். ஆனால் பாடுகிறவளுக்குத் தன் குரல் உள்ளேயிருந்துதான் கேட்கும். வெளியே நின்று கேட்க இன்னொருத்தர் காது வேண்டும்.

[அதே பள்ளியில் காது உள்ள பாட்டு டீச்சர்கள் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்களே, அவர்களிடம் போவதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.]

வருஷத்துக்கு ஒரு முறை ஆசிரியர்கள் தாங்களே மேடையேறிப் பாடுவார்கள். கடைசிப் பாட்டு பதினோரு வருஷமாக அக்காவுடையது. அது மேல் ஸ்தாயியில் போய்த்தான் முடியும். கச்சேரிக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது.

"இந்தத் தடவ வரலேன்னா இனிமே பாடறதில்ல. சொல்லிக் குடுக்கறதோட நிறுத்திக்கறேன்" என்றாள், என் டம்ளரைக் கழுவிக்கொண்டே. கழுவின டம்ளரையே மறுபடியும் எடுத்துக் கழுவினாள்.

3.

இந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை நாலு மணிக்குப் பாட்டு டீச்சர்கள் நாலு பேரும் மூன்றாம் மாடி ஆசிரியர் அறையில் கூடுவார்கள். ஒரு கீபோர்டு, ஆறு பிரம்பு நாற்காலி, ஒரு கால் ஆடுகிற மேஜை, சுவிட்சைப் பிடித்துக்கொண்டால்தான் கொதிக்கிற கெட்டில். தன்னால் சரிசெய்ய முடியாத ஒரு மாணவரை ஒரு டீச்சர் அழைத்து வருவார். மற்ற மூவரும் தங்களுக்குத் தெரிந்ததை முயன்று பார்ப்பார்கள். ஒருவர் கைப்பக்குவத்தை இன்னொருவர் கற்றுக்கொள்வது இப்படித்தான்.

விதிகள் இரண்டு. மாணவரை அழைத்து வந்தவர் வாயைத் திறக்கக்கூடாது, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஏனென்றால் பாட்டு டீச்சரின் கை சும்மா இருக்காது. சுருதி ஏற ஏற அதுவும் ஏறும், மாணவர் அந்தக் கையைப் பார்த்தே பாடிவிடுவார். இரண்டாவது விதி, யார் எதைச் சொன்னாலும் முதலில் தன் தொண்டையில் செய்து காட்ட வேண்டும்.

அந்த மூவருக்கும் பெயர் வைத்தது மாணவர்கள். எந்தக் கோளாறு வந்தாலும் மூச்சின் மேல் பழி போடுகிறவர் மூச்சு சார். பஸ் கண்டக்டர் டிக்கெட் கேட்டாலும் அவர் தாடையைப் பார்க்கிறவர் தாடை டீச்சர். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்ட்ரா வைத்திருப்பவர் ஸ்ட்ரா சார்*. அக்காவின் பெயர் காது டீச்சர். அவள் காதுக்கு ஒரு பிசிறும் தப்பாது. பள்ளிக்கூடம் முழுக்க அதைக் கண்டு நடுங்கும்.

* ஸ்ட்ராவின் ஒரு நுனியைத் தண்ணீரில் வைத்து, மறு நுனி வழியாகக் குமிழி வரும்படி முனகுவது ஒரு பயிற்சி. தொண்டை இறுக்கத்தை விடுமாம். நானும் செய்திருக்கிறேன். சிறுபிள்ளைத்தனமாகத்தான் இருக்கும், ஆனால் வேலை செய்கிறது.

இப்போது என் கேள்விக்கு அக்கா சொன்ன பதில்:

"எப்படிடி கேக்கறது? போன வருஷம் மூச்சு சாருக்கு சுருதி இறங்குதுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னது யாரு? நான். தாடை டீச்சர்கிட்ட 'முதல்ல உங்க தாடையப் பாருங்க'ன்னு சொன்னது யாரு? அதுவும் நான்."

"ஸ்ட்ரா சாரை ஒண்ணும் சொல்லலயே?"

யோசித்தாள். "ஸ்ட்ராவோட பாடறப்பதான் நல்லா இருக்குன்னு சொன்னேன்."

ஆகவே அக்காவின் திட்டம் இது. அவளுடைய கோளாறை அப்படியே தூக்கி ஒரு மாணவிக்கு வைப்பது. மாணவியை அந்த அறைக்கு அழைத்துப் போவது. மூன்று பேரும் சொல்வதைக் கைகளின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தானே செய்துகொள்வது. கேட்டபோது எனக்கும் அருமையான திட்டமாகத்தான் பட்டது. கதை எழுதுகிறவளிடம் யோசனை கேட்டால் இப்படித்தான் ஆகும்.

4.

மாணவியின் முதல் வரைவில் அவள் கணவனை இழந்தவள், பாட்டு ஒன்றே ஆறுதல். அக்கா அரைப்பக்கம் படித்தாள். "இவ ஏன் இந்த அழு அழறா? இதுல தொண்டை கட்டாம இருந்தாத்தான் அதிசயம்." கிழித்தாயிற்று.

இரண்டாம் வரைவில் அவள் நர்ஸ். நர்ஸ் என்றால் ராத்திரி டியூட்டி, தூக்கக் கேடு என்று காரணத்தை அங்கேயே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அக்கா தள்ளிவிட்டாள். மூன்றாம் வரைவில் நூலகர். அமைதியான வேலை, சந்தேகத்துக்கு இடமில்லை. வயது முப்பத்தெட்டு என்று எழுதினேன்.

"நாப்பத்தி நாலு போடு."

"ஏன்?"

"உன்னப் பார்த்தா முப்பத்தெட்டுன்னு யாரும் நம்ப மாட்டாங்க."

யார் நடிக்கப் போகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அக்கா அதை முதலிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். சின்ன வயதில் இரண்டு பேரும் சேர்ந்துதான் பாட்டுக் கற்றோம். பதினைந்தில் நான் விட்டேன், அவள் விடவில்லை. நான் இந்த ஊருக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, அந்த மூவரும் என்னைப் பார்த்ததில்லை. மூக்கும் முழியும் எங்களுக்கு வேறு வேறு. குரல் மட்டும் ஒன்று.

[இந்த மாணவியை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. நூலகருக்குச் சாயங்காலம் என்ன செய்யப் பிடிக்கும்? தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.]

இரண்டு வாரம் எனக்கு உடையக் கற்றுக்கொடுத்தாள். கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு அவள் உடைந்து காட்டுவாள், நான் பார்த்து உடைவேன். குரல் எங்கே உடைய வேண்டும், உடைந்ததும் கண் எப்படிக் கீழே போக வேண்டும், 'சாரி' என்று எப்படிச் சொல்ல வேண்டும் என்று எல்லாம் பாடத்திட்டத்தில் இருந்தது.

"ரொம்ப அழகா உடையறடி. அழகா இருக்கக்கூடாது. எனக்குக் கேவலமா இருக்கும், அப்படி உடை" என்பாள். நான் கேவலமாக உடைவேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்துப் பார்த்தேன்.

5.

சனிக்கிழமை. நாலு மணி. அக்கா உட்கார்ந்தாள், கைகள் தொடைக்கடியில் போயின.

முதலில் கேள்விகள் வந்தன. என்ன வேலை என்றார் மூச்சு சார். நூலகம் என்றேன், கிசுகிசுப்பாக, பாத்திரத்துக்கு ஏற்ற மாதிரி.

"பார்த்தீங்களா!" என்று தாடை டீச்சர் மேஜையைத் தட்டினார். மேஜை ஆடியது. "நாள் முழுக்க வாயத் திறக்காத வேலை. தாடை துருப்பிடிக்காம என்ன செய்யும்?"

என் கற்பனையில் பிறந்த நூலகத்துக்காக என் நிஜத் தாடை குற்றவாளிக் கூண்டில் ஏறியது. அக்கா வாயைத் திறக்க முடியாமல் இருமினாள்.

பாடச் சொன்னார்கள். பாடினேன். உரிய இடத்தில் கேவலமாக உடைந்து, கண்ணைக் கீழே போட்டு, "சாரி" என்றேன். மூவரும் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தார்கள். நான் எழுதின எதையும் இத்தனை ஆசையாக யாரும் கேட்டதில்லை.

"இந்தக் குரல எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே" என்றார் ஸ்ட்ரா சார்.

நல்ல வேளையாக மூச்சு சார் குறுக்கிட்டார். "டீச்சர் மாதிரியே பாடறாங்க. என் ஸ்டூடன்ட்ஸும் என்ன மாதிரியேதான் பாடுவாங்க." சுருதி இறங்கியா என்று அக்கா கேட்கத் துடித்ததை நான் பார்த்தேன். விதி அவள் வாயைக் கட்டியிருந்தது.

பிறகு வேலை ஆரம்பமானது. "இவ்வளவு காத்த எதுக்கும்மா பிடிச்சு வெக்கறீங்க? பாதி போதும்" என்று மூச்சு சார் தானே பாதி மூச்சில் பாடிக் காட்டினார். தாடை டீச்சர் என் தாடைக்கடியில் கட்டைவிரலை வைத்து, "இத எங்கிட்ட குடுத்துடுங்க, நான் பத்திரமா வெச்சுக்கறேன்" என்றார். ஸ்ட்ரா சார் டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி, தான் ஒரு முறை குமிழிவிட்டுக் காட்டி, என்னிடம் புது ஸ்ட்ரா ஒன்றை நீட்டினார். மூவரும் நடுநடுவே தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். "அந்த விரல இன்னும் கொஞ்சம் பின்னால வெச்சா என்ன?" "காட்டுங்க." "இதோ." தாடை டீச்சர் மூச்சு சாரின் தாடையையே பிடித்துச் சோதித்தார். இருபது நிமிஷத்தில் அறையே குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"இப்ப பாடுங்க."

பாடினேன். நான் உடைய மறந்துவிட்டேன் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் நடந்தது அதுவல்ல. உடையத்தான் முயன்றேன். முடியவில்லை. குரல் அந்த இடத்தைத் தாண்டி, வாழ்நாளில் போகாத உயரத்துக்குப் போய், அங்கே சௌகரியமாக நின்றது.

மூன்று பேரும் கைதட்டினார்கள். மூச்சு சார் எழுந்தே நின்றுவிட்டார். அக்காவும் கைகளை வெளியே எடுத்துத் தட்டினாள், எல்லோரையும்விடப் பலமாக. உள்ளங்கைகளில் பிரம்பு நாற்காலியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"அடுத்த மாசமும் கூட்டிட்டு வாங்க. நிக்குதான்னு பார்க்கணும்" என்றார் தாடை டீச்சர்.

6.

பஸ் ஸ்டாப் வரை சிரித்துக்கொண்டே வந்தோம். அங்கே வந்ததும் அக்கா நிறுத்திவிட்டாள்.

"எனக்கு வேண்டியத உனக்குக் குடுத்துட்டாங்கடி."



மறுநாளிலிருந்து நான் டீச்சர். மூச்சைக் குறைக்கச் சொன்னேன், தாடைக்கடியில் கட்டைவிரலை வைத்தேன், ஸ்ட்ரா கட்டு ஒன்று வாங்கி வந்தேன். எல்லாவற்றையும் வரி பிசகாமல் ஒப்பித்தேன். அவள் குரல் அதே இடத்தில் அதே மாதிரி உடைந்தது. அவர்கள் மூவரும் என்னிடம் கொடுத்தது என்னைக் கேட்டுக் கேட்டுக் கொடுத்தது என்று மெதுவாகத்தான் புரிந்தது. என் குரல் நெடுநாள் சோம்பிக் கிடந்த குரல், அக்காவுடையது பயந்த குரல். விரலை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியும். வைத்த பிறகு எதைக் கேட்பது என்று தெரியாது.

"போதும். நீ நல்லாத்தான் சொல்ற. உனக்குக் கேக்கல, அவ்வளவுதான்" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அன்பாகச் சொன்னாள்.

7.

இங்கே கதைக்கு ஒரு முடிவு வேண்டும். மூன்று எழுதினேன். அக்காவிடம் காட்டினேன். அவள் பென்சிலில் எழுதியதையும் சேர்த்தே தருகிறேன்.

முடிவு அ: அக்கா அறையின் நடுவே நின்று உண்மையைச் சொல்கிறாள். மூச்சு சார் கண் கலங்கி, "நான் போன வருஷம் கூட்டிட்டு வந்த பையனும் என் கோளாறோடதான் வந்தான்" என்கிறார். தாடை டீச்சரும் கைதூக்குகிறார். ஸ்ட்ரா சாரும் கை —
(பென்சில்: எல்லாரும் கைதூக்கினா கீபோர்டு யாரு வாசிக்கறது?)

முடிவு ஆ: தங்கை விடாமுயற்சியுடன் கற்றுத்தர, கச்சேரிக்கு முந்தின நாள் —
(பென்சில்: உன் புகழ் நீயே பாடிக்க வேணாம்.)

முடிவு இ: அக்கா கடைசிப் பாட்டை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்து புன்னகையுடன் —
(பென்சிலில் எதுவும் இல்லை. பக்கத்தின் ஓரம் மட்டும் கசங்கியிருந்தது.)

அவள் அவர்களிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். 'நான் உங்களிடம் ஒன்று மறைத்துவிட்டேன்.' 'அந்த மாணவியின் குரல் உண்மையில் என்னுடையது.' 'ஒரு சின்ன விஷயம், சிரிக்கக்கூடாது.' மூன்றையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா நான் சொன்னா இதுவும் பொய் மாதிரியே இருக்கும்."

எழுதிப் பிழைக்கிறவளுக்கு இதைவிட மோசமான விமர்சனம் கிடையாது. அன்று பூராவும் அவளோடு பேசவில்லை. மறுநாள் நானே போய்ப் பேசினேன்.

8.

இன்று மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. இந்தப் பகுதியை மூன்றாம் மாடி வராந்தாவில், ஆசிரியர் அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில், நோட்டை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பெஞ்சைச் சொல்லுங்கள்.

'நிக்குதா' என்று பார்க்க என்னைத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். நூலகர் வேஷத்தில், கிசுகிசுக் குரலோடு வந்தேன். கதவருகே அக்கா திரும்பினாள்.

"நீ வெளிய உக்காரு."

"ஸ்டூடன்ட் எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"சொல்ல மாட்டேன்" என்று உள்ளே போனாள்.

நாற்காலிச் சத்தம் கேட்டது. கெட்டிலின் முனகல். தாடை டீச்சர், "எங்க உங்க லைப்ரரியன்?" என்றது தெளிவாகக் கேட்டது. யாரோ கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினார்கள். அக்காவாகத்தான் இருக்கும்.

அவள் பாடினாள். நடுக்குரலில் தொடங்கி, மேலே ஏறி, ஏறி, அந்த இடத்தில் உடைந்தாள். அது நான் இரண்டு வாரம் பயின்ற உடைசல் இல்லை. 'சாரி' என்ற சொல் அதன் பின்னால் வரவில்லை.

நான் இரண்டு வரி எழுதி அடித்தேன்.

பிறகு ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. இன்னொன்று. மூன்றாவது.

"எத்தனை மாசமா?" என்று மூச்சு சார்.

"எட்டு."

"எட்டு மாசமா!" தாடை டீச்சரின் குரல் கதவைத் தாண்டி மாடிப்படி வரை போயிருக்கும். "எனக்கு ஒரு பிசிறு விழுந்தா எட்டு நிமிஷம் பொறுக்க மாட்டீங்களே! வாங்க இப்படி. தாடையக் குடுங்க."

அக்கா சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே ஒரு மாதிரியாகி, மூக்கை உறிஞ்சுகிற சத்தமாக முடிந்தது. டம்ளரில் தண்ணீர் ஊற்றும் ஓசை. குமிழி. "இல்ல சார், இவங்க மூச்சப் பிடிச்சு வெக்கல, பயந்து விட்டுடறாங்க, இவங்களுக்கு அதக் குறைக்கக்கூடாது." "அப்ப கூட்டிப் பாருங்க." "நீங்க முதல்ல செஞ்சு காட்டுங்க." மூவரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். எனக்குச் சொன்ன எதையும் அவளுக்குச் சொல்லவில்லை. நோட்டில் குறித்துக்கொள்ளப் பார்த்தேன், வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

மறுபடி பாடுகிறாள். மறுபடி உடைகிறாள். இந்தத் தடவை சற்று மேலேயா? எனக்குத்தான் கேட்காதே. மூன்றாம் தடவை ஆரம்பிக்கப் போகிறாள், உள்ளே எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள், குரல் ஏறத் தொடங்கி அந்த இடத்துக்கு —

கதவு திறந்தது. ஸ்ட்ரா சார் தலையை மட்டும் நீட்டினார். வாயில் ஸ்ட்ரா.

"வெளிய உக்காந்து என்ன எழுதிட்டு இருக்கீங்க? உள்ள வாங்கம்மா. உங்க அக்கா கூப்பிடச் சொன்னாங்க."

உங்க அக்கா என்றார்! எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க வேண்டும். இப்போது அதற்கு நேரமில்லை. வாசகரே, இந்த நோட்டை பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். கடைசி வரியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு எங்கள் அக்கா பாடுவதைக் கேட்க வேண்டும்.